கடைசியாகப் பார்த்தபோது உயிரோடு

சுண்டெலிக்குத் தீனி நிறுத்துப் போடுகிற வேலை அவளுக்கு. பதினெட்டு வருஷமாக அதே வேலை, அதே அறை, அதே தராசு. அதனால் அந்த ஆய்வுக்கூடத்தில் வாசல் காவலாளியில் தொடங்கி மாடியில் உட்கார்ந்திருக்கிற பெரிய டாக்டர் வரைக்கும் எல்லாருக்கும் அவள் தராசு அக்காதான். சம்பளச் சீட்டில் என்ன பெயர் போட்டிருக்கிறது என்று கேட்டால் கட்டின புருஷனே கொஞ்சம் யோசிப்பார்.

ஜன்னல் இல்லாத நீள அறை. சுவரோரம் இரும்பு அலமாரி, அதில் வரிசை வரிசையாகப் பிளாஸ்டிக் கூண்டு, கூண்டுக்கு ஓர் அட்டை. இடப்பக்கத்துக் கூண்டுக்கெல்லாம் தின்னத் தின்னத் தீனி. வலப்பக்கத்துக்கு அதில் பத்தில் ஏழு பங்குதான். உடம்பு எதனால் தளருகிறது, ஆயுசு எதனால் நீளுகிறது என்று பார்க்கிற இடம் அது. சுண்டெலிக்கு மொத்த ஆயுசே இரண்டரை, மூன்று வருஷம். பிறந்தது, வளர்ந்தது, கிழடு தட்டினது, கண்ணை மூடினது எல்லாவற்றையும் ஒருத்தி நின்ற இடத்தில் நின்றபடி பார்த்துவிடலாம். அவள் பார்த்தாள். இடப்பக்கத்தது இரண்டு வயசில் கூன் போட்டு, ரோமம் கொட்டி, கண்ணில் பூ விழுந்து மூலையில் குந்தியிருக்கும். வலப்பக்கத்தது அதே வயசில் மினுமினுவென்று சக்கரத்தில் ஓடிக்கொண்டிருக்கும். எல்லாமே அப்படி என்று சொல்ல முடியாது. பார்த்த கண்ணுக்கு அப்படித்தான் பட்டது.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருஷம் ஒரு தப்புப் பண்ணி, அதற்குப் பெரிய டாக்டரிடம் வசமாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். மூன்று சுண்டெலியை வேறொரு வேலைக்காகப் பக்கத்துக் கட்டடத்துக்குக் கொண்டுபோனார்கள். இவள், இங்கே இல்லாததற்கு எதற்கு அட்டை என்று மூன்றையும் கோடு போட்டு அடித்துவிட்டாள். அவர் வந்து பார்த்துவிட்டு, செத்ததை மட்டும் எண்ணினால் இந்த உலகத்தில் எல்லாமே செத்துப்போகிறதாகத்தான் தெரியும் என்றார். போனது போகட்டும், எந்த நாளில் கடைசியாகப் பார்த்தாய், அன்றைக்கு அது எப்படி இருந்தது, அதை எழுது என்றார். அன்றிலிருந்து கூண்டை விட்டு எது போனாலும் அட்டையில் சிவப்புப் பேனாவால் எழுதுவாள்: கடைசியாகப் பார்த்தபோது உயிரோடு. கீழே தேதி. அதற்கப்புறம் அவள் ஓர் அட்டையில்கூடத் தவறவிட்டதில்லை. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அவள் முதலில் சொல்லிக்கொடுப்பதும் அதுதான்.

வீட்டுக் கதை வேறே. போன வருஷம் அவளுடைய ஒரே அக்கா, துவைத்த துணியை மடித்துக்கொண்டே இருந்தவள், ஒரு சட்டையின் கையை மடித்து மார்பில் வைத்தபடி சாய்ந்துவிட்டாள். வயசு அறுபத்தொன்று. காரியமெல்லாம் முடிந்து சொந்தக்காரர்கள் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போது யாரோ ஒரு மாமி, இந்த வீட்டுப் பொம்பளைங்களுக்கு அறுபத்தொண்ணுதானே கெடு என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போனாள். அந்தச் சொல் இவள் காதில் ஈயமாக இறங்கிற்று. உட்கார்ந்து எண்ணிப் பார்த்தாள். அம்மா அறுபதில் போனாள். அம்மாவுக்கு மூத்தவளான பெரியம்மா அறுபத்தொன்றில். அம்மாவுக்கு அடுத்தவளான நடுச்சித்தி அறுபத்தொன்றில். இப்போது அக்கா. நாலு பேர். இவளுக்கு ஐம்பத்தொன்பது முடிய நாலு மாசம் இருந்தது.

அன்றைக்குப் பிடித்தது பயம். பஸ்ஸில் உட்கார்ந்தால் எண்ணுவாள். குழாயடியில் எண்ணுவாள். புதுச் செருப்பு வாங்கப் போய், இது இரண்டு வருஷம் உழைக்கும் என்று கடைக்காரன் சொன்னதும், தன் கெடுவும் கிட்டத்தட்ட அவ்வளவுதானே என்று கணக்குப் போட்டாள். அதைவிட அதிக நாள் உழைக்கிற செருப்பு வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தாள். புருஷனிடம் வாய் திறக்கவில்லை. அவர் லிஃப்ட் மெக்கானிக், எட்டு மாடிக் கட்டடம் ஒன்றில் வேலை. பயம் என்று யார் சொன்னாலும் சிரிப்புக் காட்டியே அனுப்பிவிடுகிற ஆள். இதைச் சிரித்து அனுப்பிவிட்டால் தாங்காது என்று அவளுக்குத் தோன்றியது.

அப்புறம்தான் அந்த யோசனை வந்தது. மருந்து கண்ணெதிரில் பதினெட்டு வருஷமாக இருக்கிறது, அதை நிறுத்துப் போடுகிறவளே தான்தான், பிறகு எதற்குப் பதற வேண்டும். சமையலறைத் தராசு ஒன்றை வாங்கி மாவு டப்பாவுக்குப் பின்னால் ஒளித்தாள். முதல் வாரம் வழக்கமாகச் சாப்பிடுகிறதை நிறுத்துப் பார்த்தாள். மறுவாரத்திலிருந்து பத்தில் ஏழு பங்கு. ரொட்டி, முட்டை, கிழங்கு எல்லாவற்றிலும். புருஷனுக்குத் தெரியக் கூடாதென்று கீரையைத் தட்டு நிறையப் பரப்பி அதன் கீழே கொஞ்சமாக வைத்துக்கொள்வாள். தன்னைத்தானே வலப்பக்கத்து அலமாரியில் தூக்கி வைத்துக்கொண்டாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் இரண்டு மாசம் ஊரே மெச்சியது. பத்து வயசு குறைஞ்ச மாதிரி இருக்கே என்றார்கள். ஐம்பத்தெட்டு கிலோ ஐம்பத்திரண்டானது. அவளுக்கும் உற்சாகம்தான். பிறகு பத்தில் ஆறு பங்காக்கினாள், கெடு நெருங்குகிறதே என்று. அறுபதாவது பிறந்த நாள் வந்தது, யாருக்கும் சொல்லாமல் தாண்டினாள். எட்டாவது மாசம் நாற்பத்தைந்து கிலோ. வெயிலில் நின்றாலும் குளிரெடுத்தது. சீப்பில் முடி கொத்தாக வந்தது. மாடிப்படியில் பாதியில் நின்று, செருப்பு வாரைச் சரி செய்கிற மாதிரிக் குனிந்து மூச்சு வாங்குவாள்.

புருஷன் கவனிக்காமல் இல்லை. ஒரு நாள் சொன்னார், "எங்க கட்டடத்து லிஃப்ட்டுல நீ ஏறினா, யாரும் ஏறலைன்னு நினைச்சு அதுபாட்டுக்குக் கதவைச் சாத்திக்கும்."

"வயசானா இளைக்கத்தான் செய்வாங்க."

"வடத்துல இழை அறுந்தாலும் அப்படித்தாண்டி சொல்லுவாங்க, லிஃப்ட்டுக்கு வயசாயிடுச்சுன்னு. அறுந்து விழற வரைக்கும்."

சொல்லிவிட்டு அவர் சிரிக்கவில்லை. அது அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

வலப்பக்கம், இடப்பக்கம் எல்லாச் சுண்டெலிக்கும் மாசம் ஒரு தடவை பிடி பார்ப்பார்கள். சின்னக் கம்பி வலை ஒன்று மீட்டரில் மாட்டியிருக்கும். சுண்டெலியை அதன் மேல் விட்டால் நான்கு காலாலும் வலையைப் பற்றிக்கொள்ளும். வாலைப் பிடித்து நிதானமாகப் பின்னால் இழுக்க வேண்டும். அது விடுகிற நொடியில் மீட்டர் ஓர் எண் காட்டும். கையில் பிடி குறையக் குறைய உள்ளே எல்லாமே குறைகிறது என்று அர்த்தம். அன்றைக்குக் கூட நின்றவள் இளைய டாக்டரம்மா, இவளைவிட இருபத்தைந்து வயசு சின்னவள், எண்ணை எழுதிக்கொள்கிறவள். இரண்டே கால் வயசுக் கிழச் சுண்டெலி ஒன்று வலையைப் பிடித்தது. இவள் இழுத்தாள். அது விடவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தாள். இவளுடைய விரல்தான் வாலை விட்டது. திரும்பவும் இழுத்தாள், திரும்பவும் நழுவிற்று. இருபத்தாறு கிராம் ஜீவன் ஜெயித்துவிட்டது.

டாக்டரம்மா பேனாவை மூடினாள். இவளை மாடிக்கு அழைத்துப் போனாள். அங்கே மனுஷர்களுக்குப் பிடி பார்க்கிற கருவி இருந்தது, கைப்பிடி வைத்தது. அமுக்கச் சொன்னாள். இவள் பல்லைக் கடித்துக்கொண்டு அமுக்கினாள். பன்னிரண்டு.

"இங்க வர்ற எழுபது வயசு அம்மாங்களே பதினெட்டு, இருபது காட்டறாங்க அக்கா. என்ன பண்றீங்க உங்களை?"

மறைக்கத் தெம்பில்லை. தராசு, மாவு டப்பா, பத்தில் ஏழு, பத்தில் ஆறு எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். திட்டுவாள் என்று பார்த்தால் திட்டவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொன்னாள். அந்தச் சுண்டெலிகளுக்குச் சின்ன வயசிலேயே தொடங்கினது. காய்ச்சல், சளி எட்டாத அறை, படி ஏற வேண்டாம், பஸ்ஸில் தொங்க வேண்டாம். வகைக்கு வகை வித்தியாசம், சில வகைக்குக் குறைத்துப் போட்டு ஒரு பலனும் இல்லை. வலப்பக்கத்திலேயே கிடுகிடுவென்று எடை இறங்கினது சீக்கிரம் போயிருக்கிறதே, அட்டையை எழுதினவங்க நீங்கதானே என்றாள். மனுஷ உடம்பில் அறுபது வயசுக்கு மேல் போகிற சதை லேசில் திரும்பி வராது. கையிலும் காலிலும் சதை இருந்தால்தான் விழாமல் நடக்கலாம், விழுந்தாலும் எழுந்திருக்கலாம். நீங்க ஆயுசைக் கூட்டலை அக்கா, இருக்கிறதைச் சுரண்டிக்கிட்டு இருக்கீங்க.

கையிலிருந்த ஒரே மருந்தும் போயிற்று. இனி எதைப் பிடித்துக்கொள்வது. அப்போதுதான் அறுபத்தொன்று என்ற எண் முதல்முதலாக அவள் வாயிலிருந்து வெளியே வந்தது.

டாக்டரம்மா மேஜையிலிருந்து வெற்று அட்டை ஒன்றை எடுத்தாள், கூண்டில் தொங்குகிற அதே அட்டை. சொல்லுங்க என்றாள். இவள் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். பெரியம்மா, அறுபத்தொன்று, ரத்தக்கொதிப்பு, மருந்தே சாப்பிட மாட்டாள். அம்மா, அறுபது, மஞ்சள் காமாலை. நடுச்சித்தி, அறுபத்தொன்று.

"அவங்களுக்கு என்ன?"

"லாரி மோதிருச்சு."

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தினாள். "லாரிக்குமா உங்க குடும்பத்து வயசு தெரியும்?"

இத்தனை மாசத்தில் முதல் தடவையாக அவளுக்கு லேசாகச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்திலேயே போய்விட்டது. அக்காவையும் சொல்லி முடித்தாள்.

"அம்மாவோட பொறந்தவங்க இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான். மூணு பேர்."

சொன்ன வாய் மூடவில்லை. சின்ன வயசிலிருந்து யார் கேட்டாலும் அந்த வீட்டுப் பிள்ளைகள் சொல்லுகிற பதில் அது, அம்மாவும் சேர்த்து மூன்று பேர். அப்படிச் சொல்லிப் பழக்கினவள் பெரியம்மா. பிறந்தது நாலு. கடைசியாகப் பிறந்தவள் சின்னச்சித்தி. கட்டிக்கொடுத்த மூன்றாம் வருஷம், இருபத்துநாலு வயசில், புருஷன் வீட்டிலிருந்து தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு வெளியேறி, திரும்பிப் போக மாட்டேன் என்று நடுத்தெருவில் நின்று சொன்னவள். பெரியம்மா அன்றோடு அவளைத் தலை முழுகினாள். வீட்டுப் படத்தில் அவள் நின்ற ஓரத்தைக் கத்தரிக்கோலால் வெட்டினாள். வெட்டின பிறகும் நடுச்சித்தியின் தோள் மேல் நாலு விரல் மட்டும் மிச்சம் நின்றது. அது ரவிக்கையில் போட்ட பூவேலை என்று இவள் வெகுநாள் நினைத்திருந்தாள். சித்தி போனபோது இவளுக்கு எட்டு வயசு. பஸ் நிலையத்தில் மெஷின் மேல் உட்கார்ந்திருந்தாள் சித்தி. தண்ணீர் வாங்க வந்த இவளைப் பார்த்துக் கையை ஆட்டினாள். பெரியம்மா இவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

செத்ததை மட்டும் எண்ணினால் எல்லாமே செத்துப்போகிறதாகத்தான் தெரியும். பதினைந்து வருஷமாகச் சுண்டெலிக்குச் செய்ததைக் சொந்த ரத்தத்துக்குச் செய்யவில்லை.

சிவப்புப் பேனாவை வாங்கி அட்டையில் அவளே ஐந்தாவது வரியை எழுதினாள். சின்னச்சித்தி, கடைசியாகப் பார்த்தபோது உயிரோடு, வயசு இருபத்துநாலு. இருந்தால் இப்போது எழுபத்தாறு.

இருந்தால். அந்த ஒரு சொல்தான் அப்புறம் பத்து நாள் அவளைத் தின்றது. தேடாமல் இருந்தால் உயிரோடு இருக்கிறாள் என்று வைத்துக்கொள்ளலாம். தேடிப் போய், அவளும் அறுபத்தொன்றில் போனாள் என்று யாராவது சொல்லிவிட்டால் கதவு அடைத்துவிடும். புருஷனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் எழுந்து போய் மாவு டப்பாவுக்குப் பின்னாலிருந்த தராசை எடுத்து வந்து, அதில் இருந்த பேட்டரியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். முட்டை இரண்டு வேகவைத்துத் தட்டில் வைத்தார். அவள் ஒன்றைத் தின்றாள். மற்றதைத் தொட மனசு வரவில்லை. வயிற்றுக்குச் சாப்பாடு போடுவதா வேண்டாமா என்று சித்தி சொல்லித்தான் தெரிய வேண்டும் போல ஆகிவிட்டது. அவர் சொன்னார், "ஒரே ஆளு உசிரோட இருந்தா உனக்கு நூறு வயசுன்னு அர்த்தமில்லை. செத்திருந்தாலும் உனக்கு நாளைக்குன்னு அர்த்தமில்லை." அது புத்திக்குப் புரிந்தது. டாக்டரம்மாவும் அதையேதான் சொன்னாள். புத்திக்குப் புரிந்து என்ன செய்ய, நெஞ்சு கேட்க வேண்டுமே.

கடைசியில் அக்காவின் புருஷனுக்கு, அத்தானுக்கு, போன் போட்டாள். சித்தியின் பேச்சை எடுத்ததும் அவர் கொஞ்ச நேரம் இருமினார்.

"உங்கக்கா ஒரு தடவை பார்த்தாம்மா. பன்னிரண்டு வருஷம் இருக்கும். பஸ்ஸுல போறப்போ ஜன்னல் வழியா. பேக்கரிக்குப் பக்கத்துல தையல் கடை, வாசல்ல மெஷின் போட்டு உட்கார்ந்திருந்தாங்களாம்."

"அக்கா இறங்கலையா, அத்தான்?"

"இறங்கலை. வீட்டுக்கு வந்து அழுதா. பெரியம்மா போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷமாச்சு, இப்பவும் யாருக்குப் பயப்படறேன்னே தெரியலைன்னா."

போனை வைத்துவிட்டு அவள் கணக்குப் போட்டாள். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் சித்திக்கு அறுபத்துநாலு. அறுபத்தொன்றைத் தாண்டி மூன்று வருஷம், மெஷின் மிதித்துக்கொண்டு. அட்டையில் இருபத்துநாலை அடித்து அறுபத்துநாலு என்று எழுதினாள். அதோடு விட்டிருக்கலாம். கெடு என்று ஒன்று இல்லை என்பதற்கு அது போதும். ஆனால் அத்தனை தூரம் வந்த பிறகு அந்த வரியை அப்படியே தொங்கவிட மனசு கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் புருஷனும் அவளும் பஸ் ஏறினார்கள். மூன்று மணி நேரப் பயணம். பேக்கரி இருந்தது. பக்கத்தில் தையல் கடை இல்லை, போன் ரிப்பேர் கடை இருந்தது. புருஷன் அவளைப் பேக்கரி வாசல் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு உள்ளே போய் விசாரித்தார். அவர் திரும்பி வருகிற வரைக்கும் அவர் முகத்தைப் பார்க்கப் பயந்து, எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த விளம்பரத்தை நாலு தடவை படித்தாள்.

"எழுந்திரு," என்றார். "பின்பக்கம் இரண்டாவது வீடு. காது மந்தமாம், சத்தமாப் பேசணுமாம்."

கதவு திறந்துதான் இருந்தது. ஒற்றை அறை. ஜன்னலோரம் அதே மெஷின், கறுப்புப் பூச்சு உதிர்ந்து. மெஷின் முன்னால் குள்ளமாக ஒரு உருவம், முழங்காலில் பட்டை கட்டி, மூக்குக்கண்ணாடியை நூலால் தலையோடு கட்டிக்கொண்டு, தலையணை உறைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தது. இவள் போய் முன்னால் நின்றாள். சித்தி நிமிர்ந்து பார்த்தாள், வெகுநேரம் பார்த்தாள்.

"இது எங்கக்கா மூக்கு இல்ல?" என்றாள். "இரண்டாவதாடி நீ? தண்ணி வாங்க வந்தவளா?"

எழுந்திருக்காமலே கையை நீட்டி இவள் மணிக்கட்டைப் பிடித்தாள். ஐம்பத்திரண்டு வருஷம் துணி இழுத்த கை. இவள் தன்னையறியாமல் கையை லேசாகப் பின்னுக்கு இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை. மீட்டர் இருந்தால் எவ்வளவு காட்டும் என்று நினைத்தாள்.

"என்னடி கை இது, குச்சி மாதிரி. என்ன சீக்கு உனக்கு?"

"சீக்கெல்லாம் இல்ல சித்தி."

"உங்கம்மா சாப்பாடு போடறதில்லையா?" சித்தி மெஷினைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள், அடுப்புப் பக்கம் நொண்டி நொண்டி நடந்தாள். "பெரியக்கா எப்படி இருக்கா? இன்னும் அதே அதிகாரமா? நடுவுலவ பேசவே பேசாளே, இப்பவாவது பேசறாளா? உன் அக்காக்காரி எங்க, அவளையும் கூட்டிட்டு வந்திருக்கலாமே."

இவள் புருஷனைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். ஒரு சாவுச் செய்தியும் இந்த அறைக்கு வந்து சேரவில்லை. சித்தியின் அட்டையில் எல்லாருமே கடைசியாகப் பார்த்தபோது உயிரோடு. தலை முழுகினவளுக்கு யாரும் தகவல் சொல்லவில்லை. நாலு பேரையும் இப்போது இவள் வாயால் சொல்ல வேண்டும், அதுவும் காது மந்தமானவளிடம், தெருவுக்குக் கேட்கிற மாதிரி உரக்க.

சித்தி திரும்பி, "கேக்கறேன்ல?" என்றாள்.

"சொல்றேன் சித்தி," என்றாள் இவள், குரலை உயர்த்தி. "பசிக்குது. சாப்பிட்டுட்டுச் சொல்றேன்."

சித்திக்கு முகம் மலர்ந்துபோயிற்று. ஒரு தட்டை எடுத்து ரொட்டியும் கிழங்கும் வைத்தாள், இன்னும் கொஞ்சம் வைத்தாள், பார்த்துவிட்டு மேலும் வைத்தாள். அளவென்று ஒன்றும் இல்லை. எதிரில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு இவள் வாயையே பார்த்தாள். எட்டு மாசத்துக்கப்புறம் இவள் தட்டு நிறையச் சாப்பிட்டாள். மெதுவாக, ஒவ்வொரு வாயாக, மென்று மென்று சாப்பிட்டாள். தட்டு காலியாகிற வரைக்கும்தான் அவகாசம். அதற்குள் எவளிலிருந்து தொடங்குவது என்று தெரிந்தாக வேண்டும்.

கடைசிக் கவளம் இறங்கிற்று. சித்தி இன்னொரு ரொட்டியை எடுத்து நீட்டினாள். இவள் அதையும் வாங்கிக்கொண்டாள்.